கலங்காத குழாய்

வைத்திக்குப்பத்தில் மீன் விற்றுவந்த அஞ்சலை என்ற பெண்ணின் கால்கள் என்னால் போயின. நோயால் போயின என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அந்த நோய்க்கு மருந்து இருந்தது. அவளுக்கு இருந்தது அந்த நோய்தான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை நான் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே நோய் எனக்கும் வந்தது. மருத்துவமனையில் படுத்தேன், எழுந்தேன், ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். அந்த நாட்களைப் பற்றி எழுதினால் மற்றவர்களுக்கு உதவுமே என்று நண்பர்கள் சொன்னார்கள். உதவலாம். ஆனால் அவளை விட்டுவிட்டு என் படுக்கையை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் மருத்துவன் அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்து, பிறகு சென்னையில் உயிர்வேதியியல் பயின்று, ஊர் திரும்பி, ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்துகொண்டிருந்தோம். அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இதைப் புரிந்துகொண்டால்தான் நான் செய்தது என்ன என்பது புரியும்.

எலும்பின் உள்ளே மஜ்ஜை இருக்கிறது. அங்கே இரத்தத்தின் எல்லா அணுக்களும் பிறக்கக் காரணமான செல்கள் சில உண்டு. ஸ்டெம் செல் என்பார்கள். தாய்ச் செல் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்புக்கு உயிர்க்காற்றுப் போதவில்லையென்றால் சிறுநீரகம் ஒரு பொருளைச் சுரந்து இரத்தத்தில் அனுப்பும். அது மஜ்ஜைக்குப் போய், தாய்ச் செல்லின் வழிவந்த இளஞ்செல்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு செய் என்பதுதான் அது கொண்டுவரும் செய்தி. செல் அதற்குக் கீழ்ப்படிந்து வளரும், இரண்டாகப் பிளக்கப் பார்க்கும். பிளப்பதற்குத் தன் உட்கருவில் உள்ளதைப் படியெடுக்க வேண்டும். அதற்கு போலிக் அமிலமும் பி-12 என்ற வைட்டமினும் தேவை. ஒன்று குறைந்தாலும் படியெடுப்புப் பாதியில் நின்றுவிடும். செல் பருத்துப் பருத்து, பிளக்க முடியாமல் மஜ்ஜைக்குள்ளேயே மடியும். சிறுநீரகத்துக்கு அது தெரியாது. அது மேலும் மேலும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. பி-12 இல்லாதவருக்கு போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தாலும் இரத்தம் ஊறும். முகத்தில் களை வரும், பசி எடுக்கும். ஆனால் நரம்புக்கு வேண்டியது பி-12. அதற்கு போலிக் அமிலம் ஈடாகாது. வெளியே ஆள் தேறிக்கொண்டிருக்கும்போதே முதுகுத்தண்டுக்குள் நரம்பின் மேலுறை உரிந்துகொண்டிருக்கும். இது பாடப்புத்தகத்திலேயே இருந்தது. நாங்கள் எல்லாரும் படித்திருந்தோம்.

படித்திருந்தும் எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. பி-12 மீனிலும் இறைச்சியிலும் இருப்பது. ஆகவே சைவக்காரருக்கு அந்தக் குறை இருக்கலாம், குப்பத்து ஆட்களுக்கு இருக்காது என்று முடிவுகட்டி வைத்திருந்தோம். கடற்கரையிலிருந்து வரும் நோயாளியை அட்டையில் ஊரைப் பார்த்ததுமே போலிக் அமிலப் பிரிவில் சேர்த்துவிடுவோம். மூன்று வேளையும் மீன் தின்றாலும், வயிறு ஒரு புரதத்தைச் சுரக்காவிட்டால் அதிலுள்ள பி-12 உடம்பில் ஏறாது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது.

அஞ்சலை அப்படித்தான் எங்களிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும். வெளிறிப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலையில் இருந்தாள். ஆனால் வாய் ஓயாது. தினமும் காலையில் நான் இரத்தம் எடுக்கப் போனால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி சொல்வாள்.

“கண்ணாடி டாக்டரு வந்துட்டாரு. இதுவரைக்கும் எடுத்த ரத்தத்தயெல்லாம் திருப்பிக் குடுத்தாரு வச்சிக்கோ, நான் இன்னிக்கே எழுந்து கூடைய தூக்கிடுவேன்.”

போலிக் அமில மாத்திரை மஞ்சளாக இருக்கும். அதைத் தொடங்கி ஒரு வாரத்தில் அவள் இரத்தத்தில் புது அணுக்கள் குபீரென்று ஏறின. வரைதாளில் அவளுடைய கோடுபோல அழகாக எழுந்த கோடு வேறு எவருக்கும் இல்லை. அந்த வாரத்தில்தான் குழாய்ச் சோதனையும் முடிந்தது.

அன்று பி-12 அளக்க எங்களிடம் இருந்த வழி ஒரு கிருமிதான். அந்த வைட்டமின் இல்லாமல் வளராத கிருமி அது. பி-12 தவிர மற்றெல்லாம் கலந்த திரவத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, நோயாளியின் இரத்தநீரைச் சேர்த்து, கிருமியை விட்டு, ஒரு நாள் வெதுவெதுப்பில் வைப்போம். வைட்டமின் இருந்தால் கிருமி பெருகி, குழாய் மோர்போலக் கலங்கும். இல்லாவிட்டால் தெளிந்தே நிற்கும். அஞ்சலையின் குழாய் தெளிந்து நின்றது. பின்னால் பிடித்த அச்செழுத்தைக்கூட அதன் வழியே படிக்க முடிந்தது.

ஏதாவது மருந்து கிருமியைக் கொன்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு அப்படி எந்த மருந்தும் கொடுக்கவில்லை என்று அட்டையில் இருந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் தெளிந்தே நின்றது. நான் வார்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அன்றே பி-12 ஊசி போடுவார்கள். ஊசி போட்டால் என் கோடு அங்கேயே முறியும். போலிக் அமிலத்தின் விளைவு எது, ஊசியின் விளைவு எது என்று பிரிக்க முடியாது. எனக்கு ஆறு வாரக் கணக்கு வேண்டியிருந்தது. அந்தச் சோதனைத்தாளை மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அதே வாரம் அவள் சொன்னாள்: “டாக்டரே, கால் வெரலு நுனியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. பாத்தா எறும்பே இல்ல.”

“ரத்தம் ஊறுதுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

ஆறு வாரம் முடிந்து அவள் வீட்டுக்குப் போனாள். மாத்திரைப் பொட்டலத்தை என் கையாலேயே கொடுத்தேன். ஒரு வேளையும் விடக்கூடாது என்றேன். தாளை இழுப்பறையிலிருந்து எடுத்து இனிமேலாவது சொல்லலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. கட்டுரை எழுதும் வேலை வந்தது. நினைப்பு தள்ளித் தள்ளிப் போயிற்று.

அரை வருடம் கழித்து மருத்துவமனை மாடிப்படியின் கீழே அவளைக் கண்டேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடியையும் உயரத் தூக்கி, எங்கே விழும் என்று தெரியாதவள்போல வைத்தாள். அந்த நடையைப் பாடப்புத்தகப் படத்தில் பார்த்திருக்கிறேன். அவள் தலை நிமிரும்முன் நான் திரும்பி மேலே ஏறிவிட்டேன்.

வார்டு மருத்துவர் ஆய்வு அட்டையைக் கேட்டனுப்பினார். அனுப்புமுன் அதில் ஒரு வரி சேர்த்தேன். நோயாளி மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த வரியும் நன்றாகவே இருந்தது. மருத்துவர் நல்லவர், அவளைச் சோதித்து, நோயைத் தானே கண்டுபிடித்து, பி-12 ஊசியைத் தொடங்கினார். உயிர் பிழைத்தாள். கால்கள் முழுதாகத் திரும்பவில்லை. எங்கள் கட்டுரை வெளிவந்தது. அதில் இரண்டாவது படம் அஞ்சலையின் கோடு.

அதன்பின் ஓய்வுபெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லித்தந்தேன். பி-12 பார்க்காமல் போலிக் அமிலத்தைத் தனியாகக் கொடுக்காதீர்கள்; வைத்திக்குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படிக் கொடுத்துக் கால் போயிற்று. யார் கொடுத்தது என்று எவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

எண்பதுகளில் ஓய்வுபெற்று, கருவடிக்குப்பத்தில் வீடு கட்டிக் குடியேறினோம். ஓரிரு ஆண்டில் எனக்கு அசதி வந்தது. குளித்து முடித்தால் உட்கார வேண்டியிருந்தது. நாக்கு வழவழவென்று சிவந்து, ரசம் பட்டாலே எரிந்தது. வயசாகிறது என்றார் தெருமுனை மருத்துவர். ஒரு சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். என் மனைவி சரோஜா தினமும் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் அதை வைப்பாள். தேறினேன். நடக்கத் தெம்பு வந்தது. கால் விரல்கள் மரத்திருந்தன. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை கடைக்குப் போய்த் திரும்பினேன். வாசலில் சரோஜா நின்றிருந்தாள்.

“ஒத்தச் செருப்போட எங்க போயிட்டு வரீங்க?”

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. முள்ளும் சரளையுமான தெரு. பாதத்தில் இரத்தம் கசிந்திருந்தது. எனக்கு எந்த வலியும் இல்லை.

உள்ளே போய் மாத்திரைப் புட்டியை எடுத்துப் படித்தேன். இரும்பு, போலிக் அமிலம், இன்னும் சில. பி-12 இல்லை. அவளுக்குச் செய்ததை எனக்கே நான் செய்துகொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் குழாய்களில் சீட்டு ஒட்டியவன், என் வீட்டுப் புட்டியின் சீட்டைப் படித்ததில்லை.

அன்றே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். பதினெட்டு நாள் போகவில்லை. பயம்தான். கால் போய்விடுமோ என்ற பயம் ஒன்று. இன்னொன்று, அஞ்சலை படுத்திருந்த அந்த வார்டில் போய்ப் படுக்க வேண்டுமே என்பது. அந்தப் பதினெட்டு நாளும் நரம்புக்கு எவ்வளவு கேடு என்பது எனக்குத் தெரியும்.

போன அன்று வெளிநோயாளர் பெஞ்சில் காலை முழுதும் உட்கார்ந்திருந்தோம். சரோஜா சீட்டைக் கையில் சுருட்டிச் சுருட்டி அது திரியாகிவிட்டது. உள்ளே இருந்த மருத்துவர் குணசேகரன் என் மாணவர். இசைக்கவையைத் தட்டி என் கணுக்கால் எலும்பில் வைத்தார். அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. முழங்காலில் வைத்தார். அங்கே ஈ பறப்பதுபோலத் தெரிந்தது. பிறகு இரண்டு பாதங்களையும் சேர்த்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் அறை சாய்ந்தது. அவர் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். பாதம் எங்கே இருக்கிறது என்பதை நரம்பு சொல்ல வேண்டும். அது சொல்லாதபோது கண்தான் சொல்கிறது. கண்ணை மூடினால் ஆள் அந்தரத்தில் நிற்கிறான்.

மறுநாள் மஜ்ஜைச் சோதனை. இடுப்பு எலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த இன்னொரு ஊசியைத் திருகி இறக்குவார்கள். இறக்கும்போது அழுத்தம்தான். உறிஞ்சும்போதுதான் வலி, உள்ளிருந்து எதையோ வேரோடு பிடுங்குவதுபோல ஒரு கணம். மஜ்ஜை தடவிய கண்ணாடிச் சில்லுகளை நூற்றுக்கணக்கில் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணத்தைப் பற்றி ஒருவரிடமும் கேட்டதில்லை. மாலையில் குணசேகரன் என்னை நுண்ணோக்கிக்குக் கூட்டிப்போனார். பருத்த, பிளக்காத செல்கள். என்னுடையவை. கட்டளை வந்து, கீழ்ப்படிந்து, முடிக்க முடியாமல் நின்றவை.

“பயப்படாதீங்கம்மா” என்று சரோஜாவிடம் சொன்னார் குணசேகரன். “சார்தான் எங்களுக்கு கிளாஸ்ல அந்த வைத்திக்குப்பம் கேஸ் சொல்லுவாரு. அதனாலதான் போலிக் மாத்திரைன்னு கேட்டவுடனே எனக்கு பொறி தட்டிச்சு. சார் சொன்னதே சாரக் காப்பாத்திடுச்சு.”

அவர் மகிழ்ச்சியாகச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பி-12 மருந்து நல்ல சிவப்பு. சின்னக் குப்பியில், மாதுளைச் சாற்றைப்போல இருக்கும். ஒரு குப்பியின் விலை ஒரு கிலோ வஞ்சிரத்தை விடக் குறைவு. தினமும் ஒன்று இடுப்பில் இறங்கியது. ஐந்தாம் நாள் நாக்கு எரிச்சல் அடங்கியது. ஆறாம் நாள் பசித்தது. சரோஜா கருவடிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, கஞ்சியும் துவையலும் கொண்டுவருவாள். ஸ்பூன் என் விரலுக்குப் பிடிபடாது என்று அதன் காம்பில் துணி சுற்றி வைத்திருந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை, அவளுக்கே தோன்றியிருக்கிறது. கால் திரும்புமா என்று குணசேகரனிடம் தினமும் கேட்டேன். மாதக்கணக்காகும், எவ்வளவு சீக்கிரம் பிடித்தோமோ அவ்வளவு திரும்பும் என்றார். இந்த வாக்கியத்தை என் அறிவு ஒருநாளும் மறுத்ததில்லை. உடம்புக்குக் கேட்டது அப்போதுதான்.

எட்டாம் நாள் பகலில், கஞ்சி குடித்துவிட்டு, சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், இழுப்பறை, மாடிப்படி, அட்டையில் எழுதிய வரி. அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் பொம்பள பேரு ஞாபகம் இருக்குதா?”

“அஞ்சலை.”

“இருக்குதுல்ல” என்றாள். அவ்வளவுதான். மறுநாளும் கஞ்சி கொண்டுவந்தாள். துவையல் இருந்தது. பேச்சு இல்லை.

வீடு திரும்பி மூன்று மாதத்தில் பாதத்தில் சூடு குளிர் தெரியத் தொடங்கியது. முதல் வேலையாக, கட்டுரை வெளியான இதழுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டாவது படத்திலுள்ள நோயாளியின் பி-12 அளவை நான் மறைத்தேன் என்று எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் வரவில்லை. குணசேகரனிடமும் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். பிறகு, “அத நீங்க கிளாஸ்ல சொல்லியிருக்கணும் சார்” என்றார். அதன்பின் அவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வரவில்லை.

வைத்திக்குப்பத்துக்குத் தடியை ஊன்றிக்கொண்டு போனேன். படகுகள் கரையில் ஏறியிருந்தன. அஞ்சலை வீட்டு நிழலில் பலகைமேல் உட்கார்ந்து, காயப்போட்ட காரப்பொடி மீனைக் காக்கையிடமிருந்து காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கழிகள் சுவரில் சாத்தியிருந்தன. என்னை உற்றுப் பார்த்தாள்.

“கண்ணாடி டாக்டரு. கெழவனாயிட்டீங்களே.”

“ஆமாம்மா.”

“கோலெல்லாம் வந்துடுச்சி. எனக்கு ரெண்டு. உங்களுக்கு ஒண்ணுதான் குடுத்தானா ஆண்டவன்?”

மணலில் உட்கார்ந்து சொன்னேன். குழாய்ச் சோதனையை அவளுக்கு விளங்கும்படி சொன்னேன். தெரிந்தும் மறைத்தேன் என்றேன். அட்டையில் எழுதியதைச் சொன்னேன். அவள் காக்கையை ஓட்ட மறந்துவிட்டாள்.

“அப்ப மாத்திரய நான் ஒழுங்காத்தான் துன்னேன்.”

“ஆமா.”

“ஒரு வேள கூட உடல.”

“விடல. விடாம சாப்பிட்டதாலதான் நோவு வெளிய தெரியாம உள்ளேயே போயிடுச்சி.”

கழியை எடுத்துக் காக்கையை ஓட்டினாள்.

“அன்னிக்கி மாடிப்படியாண்ட என்னப் பாத்துட்டு ஓடுனீங்களே. நான் பாத்தேன். மீனு நாத்தம், அதான் ஐயாவுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். அன்னிக்கி ரெண்டு வாட்டி சீயக்கா போட்டுக் குளிச்சிட்டுத்தான் வந்தேன்.”

மீனைப் புரட்டிப்போட்டபடி அவளே மேலும் சொன்னாள்:

“இத என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? நான் துன்னேன்னு எனக்குத் தெரியும். எம் பொண்ணுகிட்ட சொல்லுங்க. பத்து வயசுல இஸ்கூல உட்டு நிறுத்தி அவ தலையிலதான் கூடைய ஏத்துனோம். நீ மாத்திரய ஒழுங்கா துன்னிருந்தா நான் படிச்சிருப்பேன்னு இத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்கா. வார்டு டாக்டரே சீட்டப் பாத்து என்னத் திட்டுனாரு, அவ பக்கத்துல நின்னு கேட்டா.”

மகள் செல்வி பகல் ஏறியதும் வெறுங்கூடையோடு வந்தாள். இருபது இருபத்தொன்று வயது. தாயின் வாய் இவளுக்கு இல்லை. கூடையைக் கவிழ்த்துவிட்டு நின்றபடியே கேட்டாள். நான் முதலிலிருந்து சொன்னேன்.

“அந்தச் சீட்டுல எழுதுனது யாரு?”

“நான்தான்.”

அவள் தாயைப் பார்த்தாள். “நீ எத்தினியோ வாட்டி சொன்னே.”

“உடுடி.”

“சாமி மேல சத்தியம் பண்ணே. அப்பக்கூட நான் நம்பலியே.”

“உடுன்றேன்ல.”

செல்வி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் படகின் அந்தப்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து வந்து, “கெளம்புங்க. இனிமே இங்க வராதீங்க” என்றாள். கிளம்பினேன்.

எனக்கு மாதம் ஒரு ஊசி, ஆயுள் முழுதும். அஞ்சலைக்கும் அப்படியே. கருவடிக்குப்பத்துக்கு அருகிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் குப்பத்துக்குப் பக்கத்து மருந்தகத்தில் அவளுக்குப் போடும் நாளில் நானும் போகத் தொடங்கினேன். வரவேண்டாம் என்றது வீட்டுக்குத்தானே என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரே பெஞ்சில் உட்காருவோம். முதல் இரண்டு மாதம் அவள் பேசவில்லை. மூன்றாம் மாதம் சொன்னாள்:

“உங்களுக்கு பாரம் எறங்கிடுச்சி. செல்விக்கு ஏறிடுச்சி. நாலு நாளு சோறு துன்னல. இப்ப நான் எதுனா கேட்டா மறு பேச்சு இல்லாம செய்யறா. முன்னெல்லாம் நல்லா சண்ட போடுவோம்.”

“நான் சொல்லாம இருந்திருக்கணுமா?”

“அப்பவே சொல்லியிருக்கணும்” என்றாள்.

போன மாதம் ஊசி போட்டு முடிந்தபோது உச்சிவெயில். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே சிமெண்டுத் தரை. அஞ்சலையின் பாதங்களில் பழைய சூட்டுத் தழும்புகள் உண்டு. செருப்பு அவள் காலில் தங்காது. கழன்றாலும் அவளுக்குத் தெரியாது. செல்விதான் தரையை மிதித்துப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போவாள். அன்று செல்வி ரிக்‌ஷா பார்க்கப் போயிருந்தாள்.

“தரை சுடுதான்னு பாருங்க” என்றாள் அஞ்சலை.

தனக்கென்று என்னிடம் அவள் கேட்ட முதல் உதவி அது. செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தரையில் வைத்தேன். சுட்டது. நன்றாகத் தெரிந்தது.

“சுடுதும்மா.”

“அப்ப குந்திக்கினு இருப்போம்” என்று பெஞ்சில் சாய்ந்தாள்.

செல்வி ரிக்‌ஷாவோடு வந்தாள். வெறுங்காலோடு நின்ற என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தரையை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு கயிற்றை எடுத்து, தாயின் செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டினாள்.